தொண்ணூறு நாள் சாவி

ஊர்வேயின் நெஞ்சில் ஒட்டிய வில்லை
பத்து சென்ட் நாணயத்தின் அகலம்.
அதற்குள் ஒரு சாவி. மெலிந்தது.
வெளியே வராது, யாருக்கும் வராது.

இன்னொன்று தடித்த சாவி.
அறுபத்திரண்டு மெகாபைட்.
எதையும் திறக்காது,
பூட்டோடு கணக்குப் போட மட்டும் விடும்.
சார்ஜ் தட்டில் கிடக்கும் இரவுகளில்
வில்லை அதைத் துளித்துளியாய் ஈன்று
கடலைத் தாண்டி அனுப்பும்,
எறும்பு அரிசி மூட்டை சுமப்பதுபோல.

நாங்கள் தார்த்துவில், மூன்றாம் மாடியில்,
சாவிகளின் பிறப்பு இறப்புப் பதிவேடு வைத்திருக்கிறோம்.
ஆயுசு தொண்ணூறு நாள்.
நீட்டிப்பு இல்லை, நகல் இல்லை.
விதியை எழுதியவள் நான்.

ஊர்வே ஹீயுமா தீவில் பஸ் ஓட்டுகிறாள்.
கேர்த்லாவில் கிளம்பி, துறைமுகம் போய்,
கப்பல் இறக்கியவர்களை ஏற்றித் திரும்புகிறவள்.
அவள் இதயம் நடுநடுவே ஒரு துடிப்பை விழுங்குகிறதா?
கேள்வி அவ்வளவுதான்.
விடை ஒரே ஒரு பிட்.

துடிப்புகள் பூட்டியபடியே வருகின்றன
கேஹ்ரா பக்கம், முன்பு மாட்டுக்கொட்டிலாய் இருந்த
கட்டிடத்தில் நிற்கும் சர்வருக்கு.
அது கூட்டுகிறது, பெருக்குகிறது,
எதை என்று தெரியாமலே.
ஒரு சோறு எடுத்துப் பதம் பார்க்க முடியாத பானை.

பெருக்கப் பெருக்க இரைச்சல் ஏறும்,
பால் பொங்கி வருவதுபோல.
வழிவதற்குள் தணிக்க வேண்டும்.
தணிப்பதும் தடித்த சாவிதான்;
அதன் வயிற்றுக்குள்
மெலிந்த சாவி பூட்டிக் கிடக்கிறது.
இதை என் தம்பி ரெய்னுக்கு விளக்கப் போய்
ஒருநாள் இருவருக்கும் சூப் ஆறிப்போனது.

ஜனவரி. புயல்.
இரவு பதினொன்றுக்கு சர்வர் விடையை முடித்துவிட்டது.
தீவுக்குப் போகும் இணைப்பு அறுந்திருந்தது.
விடை வாசலில் நின்றது.
நான்கு இருபதுக்கு, சொன்ன சொல் தவறாமல்,
பழைய சாவியை வில்லை அழித்தது.
நான்கு முப்பத்தொன்றுக்கு இணைப்பு வந்தது.

பதினொரு நிமிடம்.

காலையில் அழைத்தாள்.
பின்னால் வைப்பர் தேய்க்கும் சத்தம்.
"உன்னிடம் ஒன்று இருக்குமே?"
இல்லை என்றேன்.
"அந்த கேஹ்ராக்காரர்களிடம்?"
அவர்களிடம் பூட்டுதான் இருக்கிறது.
"எதற்கு இப்படிச் செய்தாய்?"
வைத்திருக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.
"யாருக்கு?"
உங்களுக்கு.

வைப்பர் நான்கு முறை தேய்த்தது.
"சரி, கப்பல் வந்துவிட்டது" என்று வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் விதியோடு மல்லுக்கட்டினேன்.
சாவியை மூன்றாய்ப் பிளந்து
ஒன்று அவளிடம், ஒன்று மருத்துவரிடம், ஒன்று எங்களிடம்,
இரண்டு சேர்ந்தால் திறக்கும் என்றான் தாவெத்.
மருத்துவரும் நாங்களும் சேர்ந்தால்?
தாவெத் பலகையை அழித்தான்.
கடைசியில் ஒரு வரிதான் மாறியது:
வந்து சேராத விடை இருக்கும்வரை
பழையது சாகக் கூடாது.
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.
எந்தப் புத்தியுள்ளவளும் எழுதியிருப்பாள்.

ஊர்வே மறுபடி முப்பது நாள் ஒட்டிக்கொண்டாள்.
தடித்த சாவி மறுபடி கடல் தாண்டியது,
இந்த முறை நான்கு மணி நேரம் பத்து நிமிடம்.

மார்ச் ஒன்பது. பதிவேட்டில் ஒரு வரி:
விடை சேர்ந்தது. திறக்கப்பட்டது. 06:14.

ஆமா, இல்லையா என்று எனக்குத் தெரியாது.
தெரியாமல் இருக்கத்தான் சம்பளம் வாங்குகிறேன்.
ஆனாலும் அன்று மதியம்
கேர்த்லா பஸ் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன்.
ஆறரை வண்டி வழக்கம்போல் கிளம்பியிருக்கிறது.
யார் ஓட்டினார்கள் என்று
அட்டவணை சொல்வதில்லை.

ஜனவரி விடை இன்னும் கேஹ்ராவில்,
நாற்பத்தொன்று கிலோபைட்.
அழிக்கச் சொல்லும் படிவம் என் மேசையில்.
கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.